சாரத்தைப் பிரித்துவிட்டுக் குடியேறு: விஎம் அமைக்கும் தம்பி தங்கைகளுக்கு அக்காவின் டிப்ஸ்

புது சர்வர் வந்து இறங்கிவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஆறு விஎம் ஓட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நீயும் மவுஸைப் பிடித்துவிட்டாய். கொஞ்சம் கையை எடு. ஒரு டீ குடித்துக்கொண்டே இதைப் படித்துவிட்டு ஆரம்பி. அவசரத்தில் தப்பாக அமைத்த விஎம்மைத் திருத்த, புதிதாக அமைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அந்த நேரம் எப்போதும் ராத்திரியில்தான் வந்து விடியும்.

நான் சொல்வதெல்லாம் ப்ராக்ஸ்மாக்ஸை வைத்துத்தான். வியன்னாவில் இருக்கும் நிறுவனம் 2008-லிருந்து வெளியிட்டு வருகிறது. அடியில் டெபியன் லினக்ஸ், அதன் மேல் கேவிஎம். 2023 இறுதியில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்ற லைசென்ஸையும் நிறுத்தியபிறகு, சின்ன அலுவலகங்கள் பலவும் இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தன. உன் அலுவலகமும் அப்படி வந்ததுதான் என்றால், இந்தக் குறிப்புகள் உனக்காகவே.

1. முதலில் பயாஸுக்குள் போ.

இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று ஒரு வசதி இருக்கும். அது ஆனில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் விஎம் ஸ்டார்ட் ஆகாமல், கேவிஎம் கிடைக்கவில்லை என்று பிழை வரும். அப்போது சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? விஎம்மின் ஆப்ஷன்ஸில் கேவிஎம் டிக்கை எடுத்துவிடுகிறார்கள். விஎம்மும் எழுந்துவிடும், ஆனால் எல்லா வேலையும் மென்பொருளிலேயே நடப்பதால் நத்தை மாதிரி ஊரும். ஆறு மாதம் கழித்து "சர்வர் ஸ்லோ" என்று புது ராம் வாங்கிப் போடுவார்கள். அந்த டிக்கைத் தொடாதே. பயாஸைத்தான் சரி செய்ய வேண்டும்.

2. அப்டேட் செய்யப் போனால் 401 என்று பிழை வருகிறதா? பயப்படாதே.

சந்தா கட்டியவர்களுக்கான களஞ்சியம்தான் முதலில் இணைந்திருக்கும். சந்தா இல்லையென்றால் ரெபாசிட்டரீஸ் பக்கத்தில் அதை முடக்கிவிட்டு, நோ-சப்ஸ்கிரிப்ஷன் என்பதைச் சேர். அலுவலகத்தின் முக்கிய வேலை எல்லாம் இதில் ஓடப் போகிறது என்றால் சந்தாவுக்கும் பேசிப் பார். நல்ல மென்பொருளுக்குப் பணம் கட்டுவதில் தப்பே இல்லை.

3. ஐஎஸ்ஓ எங்கே இருக்க வேண்டும் என்பதை விஎம் அமைப்பதற்கு முன்பே முடிவு செய்.

எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வழக்கமான முறையில் ப்ராக்ஸ்மாக்ஸை இன்ஸ்டால் செய்தால் இரண்டு ஸ்டோரேஜ் தெரியும். லோக்கல் என்று ஒன்று, லோக்கல்-எல்விஎம் என்று இன்னொன்று. விஎம்களின் டிஸ்க் லோக்கல்-எல்விஎம்மில் போகும். ஐஎஸ்ஓவும் பேக்கப்பும் லோக்கலில் போகும். லோக்கல் என்பது வேறெங்கோ இருக்கும் இடம் அல்ல, ஹைப்பர்வைசரே குடியிருக்கும் ரூட் பகுதி. 500 ஜிபி டிஸ்க்காக இருந்தாலும் இதற்குக் கிடைப்பது சுமார் 100 ஜிபிதான். விண்டோஸ் 11 ஒன்றே 5 ஜிபிக்கு மேல். உபுண்டு டெஸ்க்டாப்பும் அதே அளவுதான். பத்து ஐஎஸ்ஓ, நாலு பேக்கப் போட்டால் இடம் தீர்ந்துவிடும். ரூட் நிரம்பினால் பதிவுக் கோப்பு எழுதக்கூட இடம் இருக்காது, வெப் பக்கத்தில் லாகின்கூட ஆகாது. சமையலறையிலேயே மூட்டை மூட்டையாக அரிசியை அடுக்கினால் அடுப்புக்குப் போக வழி ஏது?

இன்னொன்று. பிரவுசரில் அப்லோட் கொடுத்தால் ஐஎஸ்ஓ நேராக அதன் இடத்துக்குப் போகாது. முதலில் அந்த ரூட் பகுதியின் தற்காலிக ஃபோல்டரில் முழுதாக இறங்கும், அதற்குப் பிறகுதான் ஸ்டோரேஜுக்கு மாறும். அதனால் என்ஏஎஸ்ஸுக்கு அப்லோட் செய்தாலும் ரூட்டில் அத்தனை இடம் காலியாக இருக்க வேண்டும். "என்ஏஎஸ்ஸில் 2 டிபி காலியாக இருக்கிறதே, ஏன் பாதியில் நிற்கிறது?" என்று கேட்டு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

சுருக்குவழி: லேப்டாப்பில் இறக்கி, வைஃபை வழியாக மறுபடி ஏற்றாதே. ஸ்டோரேஜில் ஐஎஸ்ஓ பக்கத்திலேயே "டவுன்லோட் ஃப்ரம் யூஆர்எல்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. முகவரியை ஒட்டினால் சர்வரே நேராக இறக்கிக்கொள்ளும்.

4. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் இருந்தால் ஐஎஸ்ஓவுக்கு ஒரே ஒரு பொது இடம் வை.

ஒவ்வொரு சர்வரின் லோக்கலிலும் ஒரு பிரதி என்று போட்டுக்கொண்டே போகாதே. ஒன்றில் 22.04 இருக்கும், இன்னொன்றில் 24.04 இருக்கும், மூன்றாவதில் பாதி இறங்கிய கோப்பு இருக்கும். என்ஏஎஸ்ஸில் என்எஃப்எஸ் ஷேர் ஒன்றைத் திற. டேட்டாசென்டர், ஸ்டோரேஜ், ஆட், என்எஃப்எஸ் என்ற வரிசையில் போய்ச் சேர். கிளஸ்டராக இருந்தால் ஒரு முறை சேர்த்தாலே எல்லா நோடிலும் தெரியும். சேர்க்கும்போது நாலு விஷயம் பார்த்துக்கொள்:

• கன்டென்ட் என்ற இடத்தில் தானாக "டிஸ்க் இமேஜ்" தேர்வாகி இருக்கும். அதை எடுத்துவிட்டு "ஐஎஸ்ஓ இமேஜ்" என்று மாற்று. மாற்றாவிட்டால் ஸ்டோரேஜ் நல்லபடியாகத் தெரியும். ஐஎஸ்ஓ போடும் இடம் மட்டும் தெரியாது. ஒரு மணி நேரம் தேடுவாய்.

• ஐஎஸ்ஓவை ஷேரின் மேல்மட்டத்தில் போட்டால் ப்ராக்ஸ்மாக்ஸ் கண்ணுக்குப் படாது. டெம்ப்ளேட் என்ற ஃபோல்டர், அதற்குள் ஐஎஸ்ஓ என்ற ஃபோல்டர், அங்கேதான் அது தேடும். ஸ்டோரேஜைச் சேர்த்தவுடன் இந்த ஃபோல்டர்களை அதுவே உருவாக்கிக்கொள்ளும். நீ உள்ளே போட்டால் போதும். ஜிப் கோப்பாகவே போட்டாலும் தெரியாது, பிரித்துப் போடு.

• ஃபோல்டர் உருவாக்க அனுமதி இல்லை என்று பிழை வந்தால், என்ஏஎஸ் பக்கம் ரூட் ஸ்குவாஷ் ஆனில் இருக்கிறது என்று அர்த்தம். ப்ராக்ஸ்மாக்ஸ் ரூட்டாக வந்து எழுதப் பார்க்கிறது, என்ஏஎஸ் அதை யாரோ வழிப்போக்கனாக மாற்றிவிடுகிறது. அந்த ஷேருக்கு மட்டும் அதைத் தளர்த்து. தளர்த்தும் கையோடு, ஹைப்பர்வைசர்களின் ஐபி முகவரிகளுக்கு மட்டுமே அந்த ஷேர் திறக்கும்படி கட்டு. அலுவலகம் முழுவதற்கும் திறந்து வைக்காதே. உன் ஐஎஸ்ஓவை ஒருவர் மாற்றி வைத்தால், அதிலிருந்து பிறக்கும் எல்லா விஎம்மும் கெட்டுப்போகும்.

• அந்த என்எஃப்எஸ் சர்வரை அதே ஹைப்பர்வைசரில் ஒரு விஎம்மாக வைக்காதே. கரண்ட் போய் வந்தால், ஹைப்பர்வைசர் ஷேரைத் தேடும், ஷேர் கொடுக்க வேண்டிய விஎம் இன்னும் எழுந்திருக்காது. ஸ்டோரேஜ் எதிரே சாம்பல் நிறக் கேள்விக்குறி வந்து நிற்கும், நீயும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாய்.

என்ஏஎஸ் வாங்கப் பணம் இல்லையா? ஒரே ஒரு சர்வர்தானா? அப்படியென்றால் இதெல்லாம் வேண்டாம். ஒரு தனி டிஸ்க்கைப் போட்டு டைரக்டரியாகச் சேர்த்து, ஐஎஸ்ஓவை அங்கே வை. ரூட்டில் வைக்காதே, அவ்வளவுதான்.

5. இறக்கிய ஐஎஸ்ஓ சரியானதுதானா என்று பார்க்காமல் பயன்படுத்தாதே.

வெளியிட்டவர்களின் பக்கத்திலேயே எஸ்எச்ஏ-256 எண்ணைக் கொடுத்திருப்பார்கள். நான் சொன்ன அந்த டவுன்லோட் பெட்டியில் அதை ஒட்ட ஒரு இடம் இருக்கிறது. ஒட்டினால் இறக்கி முடித்ததும் சர்வரே சரிபார்த்துச் சொல்லிவிடும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல், பாதி இன்ஸ்டாலில் நிற்கும் விஎம்முக்கு ராமை மாற்றி, டிஸ்க்கை மாற்றி, கடைசியில் ஐஎஸ்ஓதான் அரைகுறை என்று கண்டுபிடிப்பது எத்தனை வேதனை!

பெயரிலும் கவனம் வேண்டும். ஏஎம்டி64 என்று இருந்தால் அது ஏஎம்டி சிப்புக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. இன்டெல்லுக்கும் அதுதான். ஏஆர்எம்64 என்பதுதான் வேறு, அது உன் சர்வரில் பூட் ஆகாது. ஐஎஸ்ஓவின் மூலப் பெயரை மாற்றாதே. அந்தப் பெயரில் பதிப்பு எண் முதல் எல்லாம் இருக்கிறது. "நியூ", "ஃபைனல்" என்று பெயர் வைத்தால் மூன்று மாதத்தில் உனக்கே புரியாது.

விண்டோஸ் ஐஎஸ்ஓவைப் பத்து விஎம்முக்குப் பகிரலாம். லைசென்ஸை அப்படிப் பகிர முடியாது. இதை மேலிடத்திடம் முதலிலேயே சொல்லிவிடு, பின்னால் உன் தலையில் விழக் கூடாது. பழகிப் பார்க்க மட்டும் என்றால் விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பை எடுத்துக்கொள்.

6. இன்ஸ்டால் முடிந்ததும் ஐஎஸ்ஓவை வெளியே எடு.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பாய் என்றால் இதை வை. கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்தபிறகு சாரத்தைப் பிரிக்கிறாரா இல்லையா? ஐஎஸ்ஓவும் சாரம்தான். கட்டும்வரை வேண்டும். கட்டியபிறகு அது வீட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் விஎம் எட்டு மாதமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருநாள் யாரோ பழைய ஐஎஸ்ஓக்களை ஷேரிலிருந்து சுத்தம் செய்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் விஎம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் மறுபடி எழுந்தது. எல்லா விஎம்மும் எழுந்தன, அது மட்டும் எழவில்லை. வால்யூம் இல்லை என்று பிழை. டேட்டா டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்து எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. மாதக் கடைசி, சம்பளப் பட்டியல் அதில்தான் இருக்கிறது. பிழையை மறுபடி நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, காணாமல் போனது டிஸ்க் அல்ல, சிடி டிரைவில் அப்படியே மாட்டிக்கொண்டிருந்த ஐஎஸ்ஓ. அதை எடுத்ததும் விஎம் எழுந்துவிட்டது. அந்த ஐஎஸ்ஓவை மாட்டி விட்டிருந்தது நான்தான்.

அதனால் சொல்கிறேன். ஹார்ட்வேர் பக்கத்தில் சிடி டிரைவைத் திறந்து "டு நாட் யூஸ் எனி மீடியா" என்பதைத் தேர்வு செய். இரண்டு சொடுக்கு. ஷேரில் ஐஎஸ்ஓ இல்லாவிட்டால், அல்லது என்ஏஎஸ்ஸே எழாவிட்டால்கூட, விஎம் தன்பாட்டுக்கு எழ வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: லோக்கலில் இருக்கும் ஐஎஸ்ஓ டிரைவில் மாட்டியிருந்தால் அந்த விஎம்மை வேறு நோடுக்கு மாற்ற முடியாது, லோக்கல் சிடிராம் என்று காரணம் சொல்லி மறுத்துவிடும். பராமரிப்புக்காக ஒரு சர்வரை அவசரமாகக் காலி செய்யும்போதுதான் இது தெரியவரும்.

7. விஎம் அமைக்கும் பெட்டியில் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போகாதே.

பெரும்பாலும் அதுவே தேர்வு செய்திருப்பது சரிதான். நிறுத்தி யோசிக்க வேண்டிய இடங்கள் இவை:

• பயாஸா, யூஇஎஃப்ஐயா: இதை இப்போதே முடிவு செய். இன்ஸ்டால் ஆனபிறகு மாற்றினால் விஎம் பூட் ஆகாது. யூஇஎஃப்ஐ என்றால் ஈஎஃப்ஐ டிஸ்க்கும் சேர்த்துக்கொள்.

• சிபியு வகை: ஒரே சர்வர் என்றாலோ, எல்லாச் சர்வரிலும் ஒரே மாதிரிச் சிப் என்றாலோ "ஹோஸ்ட்" வை, வேகம் கிடைக்கும். சிப்கள் வேறு வேறு என்றால் வேண்டாம், இடம் மாற்றும்போது விஎம் விழுந்துவிடலாம். பழைய காலத்து "கேவிஎம்64" வகையில் ரெட் ஹாட் 9 போட்டால் பூட்டிலேயே கெர்னல் பேனிக் வரும். அதற்கு எக்ஸ்86-64-வி2 தேவை. ரெட் ஹாட் 10 என்றால் வி3.

• டிஸ்க்: "டிஸ்கார்டு" டிக் போடு. லோக்கல்-எல்விஎம் என்பது தேவைக்கு ஏற்ப இடம் தருவது. விஎம்முக்குள் நீ கோப்பை அழித்தாலும் டிஸ்கார்டு இல்லாவிட்டால் அந்த இடம் ஹோஸ்ட்டுக்குத் திரும்பாது. இருக்கும் இடத்தைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கவும் இது விடும், அதுதான் ஆபத்து. 500 ஜிபி இருக்கும் இடத்தில் 200 ஜிபியாக ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதே. அது நிரம்பினால் எழுதப் பார்க்கும் விஎம்கள் எல்லாம் ஐ/ஓ எரரில் நின்றுவிடும்.

• மெமரி: சிபியுவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள். மெமரியில் அந்த விளையாட்டு வேண்டாம். 32 ஜிபி சர்வர் என்றால் ஹோஸ்ட்டுக்கு 3, 4 ஜிபி ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கு போடு. இசட்எஃப்எஸ் வைத்திருந்தால் அதன் கேஷுக்கும் சேர்த்து ஒதுக்கு. மெமரி தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் பெரிய ப்ராசஸ் ஒன்றைக் கொன்றுவிடும். உன் சர்வரில் பெரிய ப்ராசஸ் எது? விஎம்தான்.

• கெஸ்ட் ஏஜென்ட்: டிக் மட்டும் போட்டுவிட்டு உள்ளே இன்ஸ்டால் செய்யாமல் விடாதே. ஷட்டவுன் கொடுத்தால் ஏஜென்ட்டின் பதிலுக்காகக் காத்திருந்து காலாவதியாகும். இரண்டையும் செய். ஒழுங்காக அணையும், பேக்கப் எடுக்கும்போது கோப்பு அமைப்பையும் உறைய வைத்து எடுக்கும்.

நெட்வொர்க்குக்கு ஒரு வரி போதும்: ஹைப்பர்வைசருக்குக் கேபிள் கொடு. வைஃபை அடாப்டரை பிரிட்ஜில் சேர்த்து மல்லுக்கட்டாதே.

8. விண்டோஸ் விஎம் என்றால் இரண்டு ஐஎஸ்ஓ வேண்டும்.

விண்டோஸுக்கு ஒன்று, விர்ட்ஐஓ டிரைவர்களுக்கு ஒன்று. இரண்டாவதை ஃபெடோரா திட்டத்தின் பக்கத்திலிருந்து இறக்கி, அதே பொது இடத்தில் வை. இன்ஸ்டாலர் "டிஸ்க்கே இல்லை" என்று சொல்லும்போது பதறி, டிஸ்க்கை ஐடிஇக்கு மாற்றிவிடாதே. ஓடும், ஆனால் மந்தமாக ஓடும். "லோட் டிரைவர்" கொடுத்து, விஐஓஸ்கசி ஃபோல்டருக்குள் உன் விண்டோஸ் பதிப்பைத் தேர்வு செய், டிஸ்க் தெரிந்துவிடும். கையோடு நெட்கேவிஎம் டிரைவரையும் ஏற்று. விண்டோஸ் 11 முதல் அமைப்பில் இன்டர்நெட் கேட்டு அடம் பிடிக்கும், டிரைவர் இல்லையென்றால் அந்தப் பக்கத்திலேயே நிற்பாய். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, யூஇஎஃப்ஐ, 4 ஜிபி மெமரி, 64 ஜிபி டிஸ்க் என்ற குறைந்தபட்சத்தையும் முதலிலேயே கொடு. முடிந்ததும் இரண்டு ஐஎஸ்ஓவையும் எடு. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

9. ஒரே மாதிரி ஆறு விஎம்மா? ஐஎஸ்ஓவிலிருந்து ஆறு முறை இன்ஸ்டால் செய்யாதே.

ஒன்றைச் சரியாக அமை, அப்டேட் செய், ஏஜென்ட் போடு, ஐஎஸ்ஓவை எடு, டெம்ப்ளேட்டாக மாற்று. பிறகு குளோன் எடுத்தால் போதும். மாற்றும் முன் லினக்ஸ் என்றால் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழித்து, ஒவ்வொரு குளோனிலும் புதிதாக உருவாக்கிக்கொள். உபுண்டு சர்வரில் மெஷின்-ஐடியை அப்படியே விட்டால், குளோன்கள் எல்லாம் டிஎச்சிபி சர்வரிடம் ஒரே அடையாளத்தோடு போய் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு வரும். மேக் முகவரி வேறுதானே என்று நீ தலையைப் பிய்த்துக்கொள்வாய். விண்டோஸ் என்றால் சிஸ்ப்ரெப் ஓட்டு.

பழகிப் பார்க்கும் விஎம்களுக்கு லிங்க்டு குளோன் எடு, நொடியில் வரும், இடமும் அடைக்காது. ஆனால் அது தாய் டெம்ப்ளேட்டைச் சார்ந்தே வாழும். அதனால் உண்மையான வேலைக்கு ஃபுல் குளோன்தான்.

10. ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நினைக்காதே.

ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். அப்டேட்டுக்கு முன் எடு, எல்லாம் சரியென்றால் இரண்டு நாளில் அழித்துவிடு. பேக்கப் வேறு பெட்டியில் போகட்டும். மாதம் ஒரு முறை ஒரு பேக்கப்பை வேறு விஎம் எண்ணில் ரீஸ்டோர் செய்து, அந்த விஎம்மின் நெட்வொர்க்கைத் துண்டித்து, பூட் ஆகிறதா என்று பார். துண்டிக்காமல் பார்த்தால் ஒரே ஐபியில் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.

11. பெயரும் வரிசையும்.

விஎம் எண் 100-லிருந்து தானாக ஏறும், அதை அப்படியே விடாதே. 100-களில் அலுவலக வேலை, 200-களில் சோதனை, 900-களில் டெம்ப்ளேட் என்று பிரித்துக்கொள். நோட்ஸ் பகுதியில் யாருக்காக, எந்தத் தேதியில், எந்த ஐஎஸ்ஓவிலிருந்து அமைத்தாய் என்று மூன்று வரி எழுது. முக்கியமானவற்றுக்கு "ப்ரொடெக்‌ஷன்" ஆன் செய், கை தவறி அழிக்க முடியாது.

"ஸ்டார்ட் அட் பூட்" டிக் போட்டு வரிசையும் கொடு: முதலில் டிஎன்எஸ், அடுத்து டேட்டாபேஸ், அதற்கு 60 நொடி இடைவெளி விட்டு அப்ளிகேஷன். எல்லாம் முடிந்தபிறகு, ஆட்கள் வீட்டுக்குப் போன சனிக்கிழமை மதியம், சர்வரை நீயே ஒரு முறை ரீபூட் செய். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு விஎம்மும் தானாக எழுகிறதா என்று பார். எழாமல் நிற்பது ஏதாவது இருந்தால், முதலில் அதன் சிடி டிரைவைத் திறந்து பார்.